கடலில் விட்ட அம்மனுக்கு ஒரு வழக்கு

கடையில் ஒரு பிள்ளையாரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கடலூர் வக்கீல் தமிழரசி அக்கா காலையில் தவறிவிட்டாராம். மாரடைப்பு. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

அவரை அறிந்த கடைக்காரர்களான உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார்சலில் பொருள் உடைந்து வந்தால், கூரியர்காரர்களிடம் நஷ்டஈடு கேட்க அவரிடம்தான் ஓடுவோம். பீஸ் கேட்கக் கூச்சப்பட மாட்டார், திட்டவும் கூச்சப்பட மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பெட்டிய வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

சிதம்பரத்தில் எனக்குச் சாமி சிலை விற்கிற கடை. கடலூர்ப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றுக்குத் திருவிழாவுக்காக அம்மன் சிலை அனுப்பினேன். பிரித்துப் பார்த்தால் கை உடைந்திருந்தது. பின்னமான சாமியை வைத்திருக்கக் கூடாதே! கற்பூரம் காட்டி, படகில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள். பெட்டி வெந்நீர் அடுப்புக்குப் போனது. திருவிழா நின்றது. உடைந்த சாமியை ஏமாற்றி அனுப்பியவன் என்று என் பேர் நாறியது. கூரியர்காரர்களோ, உடைந்த பொருளைக் காட்டு என்றார்கள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கடல்லயா போட்டாங்க? ஒரு போட்டோவாவது எடுத்தாங்களாய்யா?"

"அபசகுனம்னு யாரும் எடுக்கலக்கா. பணம் வராட்டியும் போவுது. வழியிலதான் உடைஞ்சுதுன்னு ஆயிட்டா போதும். அந்த ஊருல நான் தல நிமிந்து நடக்கணும்."

நுகர்வோர் கோர்ட்டில் கூரியர் மேனேஜர், ஆதாரத்தை அவர்களே அழித்துவிட்டார்கள் என்றார். அக்கா சாவகாசமாகக் கேட்டார்:

"உங்க வீட்டுல சாமி சிலை உடைஞ்சா என்ன செய்வீங்க?"

"ஆத்துல விட்டுடுவோம் மேடம்."

"நாலு நாள் வச்சிருந்துட்டு விடலாமே?"

"ஐயையோ, வச்சிருக்கக் கூடாது மேடம்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெட்டி நசுங்கித்தான் வந்தது என்று பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவரும் ஒப்புக்கொண்டார். தீர்ப்பு எங்கள் பக்கம்.

அக்கா என்னைக் கையோடு அந்த ஊருக்கு அழைத்துப் போய், கோயில் வாசலில் நின்று தீர்ப்பைச் சத்தமாகப் படித்தார். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீன் விற்கிற அம்மா ஒருவர் மட்டும் கேட்டார்: "அதெல்லாம் சரி வக்கீலம்மா. எங்க திருவிழா?"

யாருக்கும் விட்டுக்கொடுக்காத அக்கா தலை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன். "அதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் நஷ்டஈடு கெடையாதும்மா. அது போனது போனதுதான்" என்றார். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "நீ ஜெயிச்சிட்ட. அந்த ஊருக்காரங்க தோத்துட்டாங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சுதான். இப்போதெல்லாம் யார் சிலை கேட்டாலும், என்றைக்கு விசேஷம் என்று கேட்கிறேன். நாள் நெருங்கியிருந்தால் கூரியரில் போடுவதில்லை. கடையைப் பூட்டிவிட்டு, சாமியை மடியில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறிவிடுகிறேன்.