விமானத்துக்கு ஆயுதபூஜை

சங்கரன்கோவிலில் ஆயுதபூஜைக்குக் குளிக்காத வண்டி கிடையாது. ஆட்டோ, டிராக்டர், ஓட்டை சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவோம். எனக்கு ஒன்பது வயதானபோது சித்தப்பாவின் விமானத்துக்கும் வைத்தோம்.

ஆமாம், விமானம்தான். சித்தப்பா விசைத்தறியை விற்றுவிட்டு, காலியான தறிக்கூடத்தில் மூன்று வருடமாக மரத்தாலேயே ஓர் ஆள் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய சட்டம், ஒட்டுப்பலகை, பசை, அவ்வளவுதான் அது. தீபாவளி கழிந்ததும் குருவிகுளம் பக்கம் ஒரு தரிசில் பறந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஊரே கிண்டல் செய்தது. சித்தி மட்டும் வாய் திறக்கவில்லை. கூடவே நின்று பலகை பிடித்துக்கொடுத்தாள். கோவிலுக்குப் போவதுதான் கொஞ்சம் அதிகமாகியிருந்தது.

பூஜையன்று காலை சித்தப்பா பூ வாங்கப் போயிருந்தார். சித்தி தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து இறக்கைகளின் மேல் தாராளமாகப் பீய்ச்சினாள். இடுக்குகளையும் விடவில்லை. வெளியே சொட்டு ஈரமில்லாமல் துடைத்த பிறகு, சந்தனத்தில் மைதாப் பசையைக் குழைத்து என்னிடம் தந்தாள். இறக்கைகளின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன.

"அதுலதான் பொட்டு நல்லா நிக்கும். ஒண்ணையும் விட்டுராத, மக்கா."

மல்லாக்கப் படுத்து அத்தனையையும் அடைத்தேன். பெருமையாக இருந்தது. திரும்பி வந்த சித்தப்பா மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சித்திதான் சொன்னாள்: "ரெக்கைக்குள்ள ஏதோ வாடை வருது. ஏறுறதுக்கு முன்ன பாத்துருங்க."

சித்தப்பா விரலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் அமுங்கியது. குனிந்து ஒரு பொட்டைச் சுரண்டினார். பழுப்புத் தண்ணீர் அவர் முழங்கைவரை வழிந்தது. பலகையைப் பிரித்தால் சட்டங்கள் கறுத்து, ஒட்டு விட்டுப்போயிருந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் வடிவதற்காக வைத்த துளைகள் அவை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏட்டி, இத யாரு அடச்சா?"

"நான்தான், சித்தப்பா."

அடி விழும் என்று அழுதேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சித்தியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப்பிள்ள. அதுக்கு என்ன தெரியும்" என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி.

அவர் இரண்டு இறக்கைகளையும் கழற்றிச் சுவரில் சாத்தினார். பிறகு அவற்றைத் தொடவில்லை.

அன்று மத்தியானம் சித்தி பாயசம் வைத்தாள். குற்றவாளிக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று விளங்காமலே இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்று வருட உழைப்பை நான்தான் கெடுத்தேன் என்று பல காலம் வருந்தியும் இருக்கிறேன். துளைகள் எதற்கென்று அந்த வீட்டில் தெரியாதிருந்தவள் நான் ஒருத்திதான்.