தர்மபுரி தாண்டித் துரத்திய வெள்ளைக் கார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. கோவை சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்கில், விடியற்காலை மூன்று மணிக்கு டேங்கை நிரப்பி, நேரம் அச்சான ரசீதை வாங்கிப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும் வரை ஐந்நூறு கிலோமீட்டர் போய், திரும்பி வந்து, இரவு ஒன்பது மணிக்குள் அதே பங்கில் இன்னொரு ரசீது போட வேண்டும். ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டர். முடிப்பவர்களுக்குச் சர்டிபிகேட் தரும், நான் சேர்ந்திருந்த பைக் குழுவின் விதி அது.

எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. ஐ.டி. கம்பெனியில் வேலை. கியர் வண்டி ஓட்டப் பழகியதே நாற்பதாவது வயதில்தான். எங்கள் குழுவில் இந்தத் தூரத்தை முடித்தவர்கள் சிலர் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். என்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகிவிடக் கூடாது என்று தனியாகவே போக முடிவு செய்தேன். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. முடிக்காமல் திரும்பினால் திங்கட்கிழமை அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது என்ற பயம் ஒரு வாரமாகவே இருந்தது.

முந்தைய இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். தூக்கம் வந்தால்தானே? டயரில் காற்று சரியாக இருக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா, பஞ்சர் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது கணவர், "நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டார். "நல்லாத் தூங்கினேன்" என்றேன். ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

போகும்போது பெரிய சிரமம் இல்லை. சேலத்தில் ஒரு காபி, வேலூரில் இரண்டு இட்லி. பதினொன்றரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரசீது போட்டுத் திரும்பினேன். திரும்பும் வழியில்தான் வெயில் ஏறியது. ஹெல்மெட்டுக்குள் காது பொசுங்கியது. வேலூரில் தயிர்சாதம் சாப்பிட்டது பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. அப்போது கடிகாரம் மட்டும்தான் கண்ணில் பட்டது. கிருஷ்ணகிரியைத் தொடும்போது கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட இருபது நிமிடம் பின்தங்கியிருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

தர்மபுரி நெருங்கும்போது பின்னால் ஒரு ஹாரன் சத்தம். திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார். சாலை அகலமாகக் கிடக்கிறது, முந்திப் போகட்டும் என்று இடது ஓரமாகவே போனேன். அது போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஹாரன், இந்த முறை நீளமாக. அப்புறம் இன்னொரு முறை. நான் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது, கூட்டினால் கூட்டியது. முதலில் எரிச்சல்தான் வந்தது. பெண் பைக் ஓட்டினால் சிலருக்குப் பொறுக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் அந்தக் கார் என் வலது பக்கமாக இணையாக வந்தது. எனக்கு நெருக்கமாக இருந்த ஜன்னல் வழியாக ஓர் ஆள் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையை மேலும் கீழும் ஆட்டிக் கத்தினார். ஹெல்மெட்டுக்குள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்கிறார் என்று மட்டும் புரிந்தது. இரண்டு பக்கமும் ஆளில்லாத பொட்டல். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். ஸ்பீடோமீட்டர் முள் நூறைத் தாண்டியது. வாழ்க்கையில் அவ்வளவு வேகம் நான் போனதில்லை. கண்ணாடியில் கார் விடாமல் வந்துகொண்டே இருந்தது.

தொப்பூர் கணவாய்க்கு முன்னால் ஒரு டோல்கேட் இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. இருசக்கர வண்டிக்கான ஓரப் பாதையில் புகுந்து வெளியே வந்தால், ரோந்து ஜீப் அருகே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வண்டியைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். ஒரு கார் என்னைத் துரத்திக்கொண்டு வருகிறது, அதில் ஒருத்தன் கத்துகிறான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அந்தக் கார் கேட்டைத் தாண்டி வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன்.

போலீஸ்காரர் காரை மறித்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. இறங்கியது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், சுடிதார் போட்டிருந்தார். அவர் போலீஸ்காரரைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே? நீங்க தூங்கிட்டே வண்டி ஓட்டுறீங்க. மூணு வாட்டி டிவைடர் பக்கமே போயிட்டீங்க. ஒருக்கா லாரிக்கு அடியிலயே போயிருவீங்கன்னு இருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் தூங்கவே இல்லீங்க" என்றேன்.

அதற்குள் அவருடைய கணவர் முழங்காலில் கட்டுடன் ஒரு கம்பை ஊன்றி மெதுவாக இறங்கி வந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கத்திய ஆள் அவர்தான். செல்போனை நீட்டினார். காரின் முன்கண்ணாடியில் பொருத்தியிருந்த கேமரா எடுத்த வீடியோ திரையில் ஓடியது.

அதில் நான் போய்க்கொண்டிருந்தேன். என் தலை மெதுவாகச் சாய்ந்தது. வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலது பக்கமாக, யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போவதுபோல் நகர்ந்தது. ஹாரன். தலை விருட்டென்று நிமிர்ந்தது, வண்டி உலுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே. எனக்குக் கேட்ட ஒவ்வொரு ஹாரனுக்கும் முன்னால் இப்படி ஒரு துண்டு இருந்தது. அது எதுவும் என் ஞாபகத்தில் இல்லை.

போலீஸ்காரரும் எட்டிப் பார்த்தார். "இந்த நிலையில கணவாய் இறக்கத்துல இறங்கியிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும் மேடம்?" என்றார். நான் அங்கேயே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவரே, "பரவாயில்லீங்க. எங்க பொண்ணா இருந்தாலும் நிறுத்தாம போகத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். மகளைப் பெங்களூரில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டுச் சென்னிமலைக்குத் திரும்புகிறார்களாம்.

அவ்வளவு நடந்தும் என் புத்தி கடிகாரத்தை விட்டு நகரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முகத்தைக் கழுவிவிட்டு, கிளம்புகிறேன் என்றேன். அந்த அம்மா என் வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அரை மணி நேரம் கார்ல படுங்க. அப்புறம் தாரேன்."

"ஒன்பது மணிக்குள்ள நான் கோயமுத்தூர் போயாகணுங்க."

"போகலீன்னா என்னங்க ஆகும்?"

"சர்டிபிகேட் கிடைக்காதுங்க."

அவர் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். நான் போய்ப் பின்சீட்டில் படுத்தேன்.

கதவைச் சாத்திய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. எழுப்பியபோது மணி ஐந்தே முக்கால். அரை மணி நேரம் என்று சொல்லி ஒரு மணி நேரம் விட்டிருக்கிறார்கள். அடித்துப் பிடித்து எழுந்தேன். ஃபோனில் கணவரின் ஆறு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டு, டீ குடிக்க நின்றேன் என்று இன்னொரு பொய் சொன்னேன். வண்டியை எடுக்கும்போது அந்த அம்மா, "நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வாரோம். மறுபடி ஹாரன் அடிச்சா ஓரங்கட்டிப்போடுங்க" என்றார்.

கணவாயில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் என் கண் இமைகளையே நான் நம்பவில்லை. சத்தமாகப் பாட்டுப் பாடினேன், வாய்ப்பாடு சொன்னேன். சேலம், பவானி வழியெல்லாம் கண்ணாடியில் அந்த இரண்டு விளக்குகள் தெரிந்தன. பெருந்துறையில் அவர்கள் திரும்ப வேண்டும். ஒரு முறை விளக்கை அணைத்து எரியவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த தூரம்தான் அன்றைக்கு மிகவும் நீளமாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி, இறங்கி நடந்து, முகம் கழுவிக்கொண்டு போனேன். நேரம் போனால் போகட்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பங்கில் ரசீது வாங்கியபோது எட்டு மணி ஐம்பத்தாறு. குழு நண்பர்கள் கை தட்டினார்கள், மாலை போட்டார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவரிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. சொன்னதும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

சர்டிபிகேட்டில் ஆயிரம் கிலோமீட்டர் என்று இருக்கிறது. எப்போது பார்த்தாலும் அந்த எண் எனக்கு உறுத்தும். தர்மபுரிப் பக்கம் சில கிலோமீட்டர்களை நான் ஓட்டவே இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் எனக்காக விழித்திருந்து அந்தத் தூரத்தைக் கடக்கவைத்தார்கள், அவர்களைத்தான் நான் கைநீட்டிப் போலீஸிடம் காட்டினேன்.