நீர்யானைக்குக் கொடுத்த குரல்

பல வருடங்களாக டப்பிங்கில் அவளுக்குக் கூட்டத்தில் கத்துகிற குரல்தான் கிடைத்துவந்தது. சந்தையில் ஒருத்தி, சாவு வீட்டில் இன்னொருத்தி. அதனால் பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு கார்ட்டூன் படத்தில் கிழட்டு நீர்யானைக்குப் பேசக் கூப்பிட்டதும் தலைகால் புரியவில்லை.

நீர்யானைக்கு வேலையே ஏப்பம் விடுவதும் காற்றுப் பிரிவதும்தான். எத்தனை தடவை பேசியும் இயக்குநருக்குத் திருப்தியில்லை.

"இன்னும் அசிங்கமா வேணும்மா. ஜனங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கணும்."

அவளுக்கு மாமியார் ஞாபகம் வந்தது. குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மாமியாருக்குக் காற்று அடங்குவதில்லை. முதல் தடவை சமையலறையில் சத்தம் வந்தபோது கூனிக்குறுகி நின்றவள், ஒரு முனகலோடு சமாளித்துக்கொண்டு, "யாரு கதவத் தட்டுறது?" என்றாள். "யாருமில்ல அத்தை, காத்துதான்" என்றாள் மருமகள். இருவரும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்கள். அப்புறம் அது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. மகனுக்குக்கூடத் தெரியாது.

அந்த முனகலையும் அந்தக் கேள்வியையும் அப்படியே மைக்கில் இறக்கினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை.

ஒருநாள் மாமியாரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தாள். மருத்துவமனையில் எதிர் வரிசையில் இரண்டு பேர் செல்போனில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். வரிசையே சிரித்தது. மாமியாரும் பாதி சிரித்துவிட்டாள். பிறகு முகம் மாறியது.

"என் குரலாட்டம் இருக்கே?"

"நான்தான் அத்தை பேசினேன். அசிங்கமா வேணும்னு கேட்டாங்க..."

"உடனே என் ஞாபகம் வந்துச்சாக்கும்."

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். "விடும்மா, உன் பொழப்பு அது" என்றாள் மாமியார். குரலில் கோபமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து வயிறு இரைந்தாலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவாள்.

படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது மருமகள் முடியாதென்று சொல்லிவிட்டாள். வேறொருத்தி வந்து அச்சு அசலாக அதே முனகலைப் பேசிவிட்டுப் போனாள்.

ஒரு மத்தியானம் தண்ணீர்ச் சத்தம் தாங்காமல் குளியலறைக் கதவருகே போய் நின்றாள்.

"குழாய மூடுங்க அத்தை. வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்."

"அதனாலதான்மா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.