அஞ்சேகால் மணிக்கு சம்பந்தி

பொண்ணு குடுத்த எடத்துல பொய் மூச்சு விட்ட ஒரே அப்பன், எனக்குத் தெரிஞ்சி, நான்தான். விடிகாலை அஞ்சேகாலுக்கு கட்டில் ஓரத்துல உக்காந்துக்கினு, போனை ஸ்பீக்கர்ல போட்டு தலகாணி மேல வச்சிட்டு, ரெண்டு காலையும் தரையில தொப்பு தொப்புன்னு அடிப்பேன். நடுநடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குவேன். அந்தப் பக்கம் திண்டிவனத்துல எங்க சம்பந்தி நெசமாவே நடந்துக்கினு, "வேகமா போறீங்க போல, மெதுவா போங்க சம்பந்தி"ன்னு அக்கறையா சொல்வாரு. "பரவால்ல சம்பந்தி, பழகிடுச்சி"ன்னு நானும் சொல்வேன். பக்கத்துல படுத்திருக்கற என் சம்சாரம் போர்வைய இழுத்து மூஞ்ச மூடிக்கும். அம்பத்தொரு வயசுல, பேரப்புள்ள எடுக்கப் போற நேரத்துல, ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, முழுசா பத்து நாளு இந்த நாடகம் போட்டேன்.

நான் விழுப்புரத்துல பத்திரம் எழுதறவன். காலைல உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். ஊரு நெலத்துக்கெல்லாம் நாலு எல்லை எழுதற எனக்கு என் வயித்துக்கு எல்லை எங்கன்னு சொல்லத் தெரியாது, வருஷா வருஷம் அது பக்கத்து மனைய ஆக்கிரமிச்சிக்கினே போச்சி. சம்பந்தி ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டரு. முப்பது வருஷம் நின்ன காலு, வேலைய வுட்டதும் ஒரேயடியா உக்காந்துடுச்சி. அவரும் என்ன மாதிரியே பெருத்துட்டாரு. அதுல எங்க ரெண்டு குடும்பத்துக்கும் பங்கு இருக்கு. பொண்ணு கட்டிக் குடுத்த மொத ரெண்டு வருஷம் எங்களுக்குள்ள இருந்தது ஒறவு இல்ல, போட்டி. நாங்க திண்டிவனம் போனா அவங்க வூட்ல மீனு, கறி, முட்டைன்னு எல எடம் பத்தாம வைப்பாங்க. அவங்க இங்க வந்தா என் சம்சாரம் அதுக்கு மேல ரெண்டு வகை கூட வைக்கும். சம்பந்தி வூட்ல போதும்னு சொன்னா இன்னும் ரெண்டு வைன்னுதான் அர்த்தம். கை நனைக்காம எழுந்துட்டா ஏதோ மனஸ்தாபம்னு அர்த்தம். அதனால ரெண்டு பேரும் மரியாதைக்காகத் தின்னு தின்னு, மரியாதையாவே ஊதிட்டோம்.

ஒரு வாட்டி அவங்க வூட்டுக்குப் போயிட்டு வரும்போது, பஸ் ஏத்தி வுட வந்தாரு. பஸ் ஸ்டாண்டு ஓரமா என்னத் தள்ளிக்கினு போயி, சுத்திலும் பாத்துட்டு, அடிவயித்துல ஒரு பக்கமா கைய வச்சிக்கினு சொன்னாரு. "குடல் எறங்கியிருக்கு சம்பந்தி. இருமுனா பிதுங்கிக்கினு வருது. பெல்ட் கட்டிக்கினு இருக்கேன்." ஆபரேஷன் பண்ணித்தான் ஆவணும். ஆனா மயக்க மருந்து குடுக்கற டாக்டரு, இந்த ஒடம்பு வச்சிக்கினு வந்தா மருந்து குடுக்க எனக்கு தைரியம் இல்ல, பத்து கிலோ கொறைச்சிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாராம். அதுக்குள்ள குடல் உள்ள சிக்கிக்கிச்சின்னா உசுருக்கே ஆபத்துன்னும் சொல்லியிருக்காரு. வூட்ல அவரு சம்சாரத்துக்கும் மவனுக்கும் மருமவளுக்கும் மட்டும் தெரியும். சொந்தக்காரங்களுக்குச் சொல்லல. எறங்குன எடம் அப்படி, நாலு பேரு கிண்டல் பண்ணுவாங்கன்னு வெக்கம்.

என்கிட்ட எதுக்கு சொல்றாருன்னு எனக்குப் புரியல. அவரே சொன்னாரு. "பொண்டாட்டி நடன்னு சொன்னா சண்டைக்குப் போறேன். பையன் சொன்னா பேசாம போடான்றேன். உங்ககிட்ட அப்படிச் சொல்ல முடியுமா? நாளைக்கு நடக்கறேன்னு உங்களுக்கு வாக்கு குடுத்துட்டு நடக்கலன்னா என் மூஞ்ச எங்க வச்சிக்குவேன்? தெனம் அஞ்சேகாலுக்கு போன் பண்றேன். நீங்க அங்க நடங்க, நான் இங்க நடக்கறேன். நீங்களும் ஒண்ணும் ஒல்லி இல்ல சம்பந்தி." எனக்கு சுகர் வேற இருந்துது. தொண்ணூத்தெட்டு கிலோ. சரின்னு தலையாட்டிட்டு பஸ்ஸுல ஏறினேன். ரெண்டு சீட்டு எடத்துல ஒரு டிக்கெட்டு எடுத்துக்கினு வந்தேன்.

மறுநாள் காலைல டான்னு போன் வந்துது. அலோ கிலோ ஒண்ணும் கெடையாது. "ரைட், போலாம்." அவ்ளோதான். நான் எந்திரிக்கத்தான் பாத்தேன், ஒடம்பு கேக்கல. சம்பந்தி போனை எடுக்காமயும் இருக்க முடியாது, நடக்கலன்னு சொல்லவும் முடியாது. அப்படித்தான் கட்டில் நாடகம் ஆரம்பிச்சிது. பதினோராவது நாளு, எப்பவும் போல தொப்பு தொப்புன்னு அடிச்சிக்கினு இருக்கேன். "எங்க வந்திருக்கீங்க சம்பந்தி?"ன்னு கேட்டாரு. கண்டக்டர் புத்தி, ஸ்டாப்பிங் கேக்காம இருக்க மாட்டாரு. தெனம் சொல்ற மாதிரியே, "ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல, டீக்கடைகிட்ட வந்துட்டேன்"னு அளந்தேன். "அப்படியா. நானும் அதே டீக்கடை வாசல்லதான் இருக்கேன். பெஞ்சு மேல உக்காந்திருக்கேன், வாங்க"ன்னாரு.

மொத பஸ்ஸைப் புடிச்சி வந்துட்டாரு மனுஷன். சட்டைய மாட்டிக்கினு ஓடுனேன், அந்தப் பதினோரு நாளுல நான் நெசமா நடந்தது அதான். மூச்சு முட்ட அங்க போயி நின்னா, திட்டல. டீய ஊதிக்கினே கேட்டாரு. "விழுப்புரத்துல விடிகாலைல நடக்கறீங்க. பத்து நாளா ஒரு நாய் கூட உங்களப் பாத்துக் கொலைக்கலையே, அது எந்தத் தெரு சம்பந்தி?" அப்புறம் அங்கேருந்து நாலுமுனை சந்திப்பு வரைக்கும் என்னக் கூட்டிக்கினு நடந்தாரு. ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எடது கையால அடிவயித்த அழுத்திப் புடிச்சிக்கினாரு. ஒரு லாரி ஹாரன் அடிச்சப்ப தூக்கிவாரிப் போட்டு, கண்ணை மூடிக்கினு அப்படியே நின்னாரு. என் பொய் மூச்சுக்கு "மெதுவா போங்க"ன்னு அக்கறைப்பட்டவரு இப்படித்தான் நடந்துக்கினு இருந்தாருன்னு அப்பதான் பாத்தேன். அன்னிக்கு வந்த வெக்கம் இருக்கே, அதுக்கே ரெண்டு கிலோ கொறைஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் நெசமாவே நடந்தேன். என் மேல நம்பிக்கை போச்சின்னு அவரு ஒரு ஏற்பாடு வேற பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழமை எடை போட்டா நான் சொல்லக் கூடாது, என் சம்சாரம் சொல்லணும். "தங்கச்சி, நீ மிஷினைப் பாத்து சொல்லும்மா"ன்னுவாரு. அது கல்யாணம் ஆன நாள்லேருந்து காத்துக்கினு இருந்த மாதிரி, எரநூறு கிராம் ஏறியிருந்தாலும் தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லும். வெளிய டீக்கடைப் பசங்க வேற. நான் வந்தா "ரோடு ரோலர் வந்துடுச்சி, மணி அஞ்சர"ன்னுவானுங்க. மொத வாரம் தலைய குனிஞ்சிக்கினு போனேன். சம்பந்தி போன்லயே அதைக் கேட்டுட்டு சிரிச்சாரு. "பஸ்ஸுல தெனம் நூறு பேரு என்னத் திட்டுனானுங்க. அதுக்காக ஒரு நாளாவது பாதி வழியில எறங்குனேனா?" மறுநாளு நானே அவனுங்ககிட்ட போயி, "ஆமாண்டா, இந்த ரோடு இன்னும் சமமாவல, நாளைக்கும் உருட்டுவேன்"னேன். அப்புறம் என்னைக்காவது நான் லேட்டா போனா அவனுங்களே மணி பாக்க ஆரம்பிச்சானுங்க.

அஞ்சு மாசத்துல அவருக்கு ஆறு கிலோ போச்சி. இன்னும் நாலு கிலோ. அந்த நேரத்துலதான் என் பொண்ணுக்கு வளைகாப்பு, திண்டிவனத்துல ஒரு மண்டபத்துல. வழக்கப்படி நாங்க ஏழு வகை சோறு கட்டி எடுத்துக்கினு போனோம். புளி சோறு, எலுமிச்சை சோறு, தேங்கா சோறு, சக்கரைப் பொங்கல், எல்லாமே எங்க ரெண்டு பேருக்கும் எதிரிங்க. பந்தியில சம்பந்தி ஒரு கரண்டி தயிர் சோறு, ரெண்டு துண்டு வெள்ளரிக்கா சாப்ட்டுட்டு, மத்ததெல்லாம் வேணாம்னு கைய எல மேல வச்சி மறைச்சிக்கினாரு. பாத்துக்கினு இருந்தது எங்க அக்கா வூட்டுக்காரரு. எங்க குடும்பத்துல பெரிய மனுஷன். கூடத்துக்கே கேக்கற மாதிரி கூப்ட்டாரு.

"இன்னா மச்சான், உன் பொண்ணு வளைகாப்புல உன் சம்பந்தி கை நனைக்க மாட்டன்றாரு. நாம கொண்டாந்தது கேவலமா இருக்குதா?"

அந்தப் பக்கம் எங்க அக்கா, என் பொண்ணுகிட்ட போயி, "உன் மாமனாருக்கு நாங்க இன்னா கொற வச்சோம்?"னு ஆரம்பிச்சிடுச்சி. ரெண்டு கை நெறைய வளையலோட உக்காந்திருந்த புள்ளைக்கு மூஞ்சி சின்னதாயிடுச்சி. காரணத்தை யாரும் சொல்ல முடியாது, அவரு மானம் போயிடும். என் சம்சாரம் சக்கரைப் பொங்கல் வாளிய என் கையில குடுத்து, "போயி உங்க கையால ஒரு கரண்டி வைங்க, பிரச்சனை முடிஞ்சிடும்"னுச்சி. நானும் போனேன். அம்பது பேரு பாக்கறாங்க. கரண்டிய எல மேல புடிச்சேன்.

அவரு கைய எடுத்துட்டாரு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாரு. "வைங்க. நீங்க வச்சா சாப்டறேன் சம்பந்தி. ஆனா நாளைக்குக் காலைல போன் பண்ண மாட்டேன்."

இந்த ஒரு கரண்டியில அவரு குடல் சிக்கிக்காது, தெரியும். ஆனா இன்னிக்கு இவங்களுக்காக ஒரு கரண்டி, நாளைக்கு புள்ள பொறந்ததுக்கு, அப்புறம் பேரு வைக்கறதுக்குன்னு, வருஷம் பூரா மரியாதை பண்ணிக்கினே அவரை ஆஸ்பத்திரியில கெடத்திடுவோம். கரண்டிய வாளியில போட்டேன். வாளியத் தரையில வச்சிட்டு அவரு பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, எனக்கும் ஒரு கரண்டி தயிர் சோறு, வெள்ளரிக்கா போடச் சொன்னேன். மாமாவப் பாத்து சத்தமா சொன்னேன். "எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல மாமா. எங்க வயித்துல எவ்ளோ போவணும்னு இனிமே நாங்கதான் முடிவு பண்ணுவோம், பந்தி இல்ல. சந்தேகமா இருந்தா நாளைக்கு அஞ்சேகாலுக்கு எங்க வூட்டு வாசல்ல வந்து நில்லுங்க, நடந்துக்கினே பேசலாம்."

என் பொண்ணுதான் அக்காகிட்ட, "அத்தை, தெனம் விடிகாலைல ஒரு மணி நேரம் போன்ல பேசறாங்க ரெண்டு பேரும். சண்டைக்காரங்க அப்படிப் பேசுவாங்களா?"ன்னுச்சி. மாமா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்து போயிட்டாரு. இன்னி வரைக்கும் என்கிட்ட பேசறதில்ல, பேரனுக்குப் பேரு வைக்கும்போதும் வரல. குடும்பத்துல என்னை மரியாதை தெரியாதவன்னு சொல்றாங்களாம். சொல்லட்டும். நான் அதுக்கு ஒரு நாளும் வருத்தப்படல. மறுநாள் காலைல அஞ்சேகாலுக்கு "ரைட், போலாம்"னு போன் வந்துது, எனக்கு அது போதும்.

பேரன் பொறந்து மூணாவது மாசம், பத்து கிலோவுக்கு மேல அரைக்கிலோ கூடவே கொறைச்சிக்கினு போயி அந்த மயக்க டாக்டர் எதிர்ல நின்னாரு சம்பந்தி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது. ஆறு வாரம் நடைப் பயிற்சி வேணாம், ரெஸ்ட்டுல இருக்கணும்னாங்க. போன் நின்னுது. ரெண்டு நாளு நான் தனியா நடந்தேன். மூணாவது நாளு மழை மாதிரி இருந்துது. நாலாவது நாளு மழை இல்ல, ஆனா நானும் போவல.

ஒரு மாசம் கழிச்சி சாத்துக்குடி வாங்கிக்கினு அவரைப் பாக்கப் போனேன். மனுஷன் தூங்கிக்கினு இருந்தாரு. சம்பந்தியம்மா சக்கரை போடாத காபி கொண்டாந்து குடுத்தாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து "வாங்கண்ணே, சாப்டுங்கண்ணே" தவிர அவங்க என்கிட்ட வேற வார்த்தை பேசினதில்ல. வயித்துகிட்ட இழுத்துக்கினு நின்ன என் சட்டை பட்டனையே பாத்தாங்க. நானா முந்திக்கினு, "அவரு படுத்திருக்கும்போது நான் மட்டும் நடந்தா நல்லாருக்காதுன்னு, மரியாதைக்காக நானும் நிறுத்தி வச்சிருக்கேன்மா"ன்னு சொன்னேன்.

"கத்தி வச்சது அவரு வயித்துல அண்ணே"ன்னாங்க. "உங்க காலுக்கு இன்னா வந்துது?"