பெற்றோர் கைபேசி எண்

விண்ணப்பத்தை அனுப்பிய மறுநாள்தான் பெர்சி தவற்றைக் கண்டாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, இயற்பியல் பட்டப்படிப்பு. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கைபேசியில் திறந்து பார்த்தபோது, 'பெற்றோர் கைபேசி எண்' என்ற இடத்தில் அம்மாவின் எண் இருந்தது.

அம்மா ஜீவமணி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போய், வேலையில் இருக்கும்போதே படுத்துவிட்டாள். அப்பா கிருபாநிதிக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு வேலை. பகலில் போனை எடுக்கமாட்டார். அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பெர்சியின் எல்லாத் தாள்களிலும் அம்மாவின் எண்தான். இந்த முறையும் விரல் பழக்கத்தில் அதையே அடித்துவிட்டது.

நேர்காணல் தேதி பெற்றோர் எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும் என்று விண்ணப்பத்தின் அடியிலேயே போட்டிருந்தது. பெர்சி கல்லூரி அலுவலகத்துக்கு போன் செய்தாள்.

"சப்மிட் ஆயிட்டுன்னா இப்போ ஒண்ணும் மாத்த முடியாதும்மா. மெயில் போட்டு வைங்க" என்றார் எடுத்தவர்.

மெயில் போட்டாள். பதில் இல்லை. இன்னொன்று போட்டாள், அதற்கும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தாலும், நேர்காணலில் யாரோ பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போவதும், தன் பெயர் வந்ததும் பதில் இல்லாமல் அடுத்ததற்குத் தாண்டுவதும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அடக்கம் முடிந்ததிலிருந்து அவர் அம்மாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. அம்மாவின் சேலைகளை எல்லாம் கட்டி, சாத்தான்குளத்துச் சித்தி வீட்டில் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த அப்ளிகேஷன்ல..."

"என்னளா?"

"ஒண்ணுமில்லப்பா. அனுப்பிட்டேன்."

பீரோவில் அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது. அப்பா வேலைக்குப் போனபின் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை ரீசார்ஜ் கடைக்குப் போனாள். கடைக்காரர் சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கட்டாயிட்டும்மா. ரொம்ப நாள் ரீசார்ஜ் பண்ணாம விட்டா கம்பெனிக்காரன் நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவான். வேணும்னா அடிச்சுப் பாருங்க."

கடையிலிருந்து விலகி ஒரு மதில் ஓரமாக நின்றாள். தன் போனில் 'அம்மா' என்ற பெயரைத் தொட்டாள். மணி அடித்தது. உடனே துண்டித்துவிடலாமா என்று இருந்தது. அதற்குள் ஒரு ஆண்குரல் கேட்டது. பின்னால் லாரி உறுமல்.

"அண்ணாச்சி, இது முன்னால எங்கம்மா நம்பர்" என்று தொடங்கி, விண்ணப்ப விஷயத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"டீச்சர் மகளா நீ?" என்றார் அவர். பெயர் சுடலைக்கண்ணன், ஊர் ஓட்டப்பிடாரம், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். "டீச்சர் இருக்காங்களான்னு கேட்டு எத்தன பேரு கூப்பிடுதாங்க தெரியுமா? ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லியே அலுத்துப் போச்சு. அவங்க ஏன் நம்பர மாத்துனாங்க?"

"அம்மா இறந்துட்டாங்க."

அவர் லாரி எஞ்சினை அணைத்தார்.

"தெரியாமப் போச்சேம்மா. ஒரு பிள்ள, பாஸாயிட்டேன்னு மட்டும் டீச்சர்ட்ட சொல்லிருங்கன்னு அழுதுக்கிட்டே கேட்டுச்சு. நான் சள்ளுன்னு விழுந்து வச்சிட்டேன்." பிறகு சொன்னார்: "மெசேஜ் வந்தா கண்டிப்பா கூப்பிடுதேன். நீ பயப்படாத."

அதன்பிறகும் பயம் போகவில்லை. மெசேஜ் வரும் நேரம் அவர் சிக்னல் இல்லாத ரோட்டில் இருந்தால்? வேண்டாத மெசேஜ் என்று அழித்துவிட்டால்? தினமும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ஆராதனை முடிந்து வந்து பெர்சி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் கீழே மேசைமேல் இருந்தது. அது அடித்தபோது பக்கத்தில் இருந்தவர் அப்பா. திரையில் 'அம்மா' என்று வந்தது. அடித்து ஓயப்போகிற நேரம்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றதாகப் பின்னால் அவர் சொன்னார்.

பெர்சி இறங்கி வந்தபோது அவர் போனைக் காதில் வைத்தபடி, செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சரி. வியாழக்கிழமை, பத்து மணி. நான் அவ அப்பாதான் பேசுதேன்..." நடுவில் நிறுத்தி, அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். "ஆமா, கேப்பாங்க. இனி யாராவது டீச்சரக் கேட்டா இறந்துட்டாங்கன்னு சொல்லிருங்க. என் நம்பரக் குடுங்க. எழுதிக்கிடுதீங்களா?"

அவர் போனை வைத்ததும் பெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை.

"நானும் ஒருநா அந்த நம்பருக்கு அடிச்சேன்" என்றார். "இந்தக் குரல்தான் எடுத்துச்சு. ஒண்ணும் பேசாம வச்சிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

வியாழக்கிழமை இருவரும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள். கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண்மணி, "நம்பர் மாறிட்டா? சொல்லுங்க" என்று கேட்டு, இரண்டு தட்டுத் தட்டி மாற்றிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று பெர்சிக்கு இருந்தது. நேர்காணலுக்குப் பின் வந்த முதல் சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதில் வந்தது, அந்தச் செய்தி அப்பாவின் போனுக்கு வந்தது.

விடுதிக்குப் போக அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாளில் அப்பாவுக்கு ஒரு அழைப்பு. ஏரலில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் லிங்கராஜ், அம்மாவிடம் படித்தவர். லாரிக்காரர் எண் கொடுத்தாராம். அப்பா ஜன்னலோரம் நின்று மெதுவாகப் பேசத் தொடங்கினார். அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றிச் சொன்னார். மருத்துவமனையில் அவள் என்ன கேட்டாள், எதைச் சொல்லிச் சிரித்தாள் என்றெல்லாம் சொன்னார். பெர்சிக்கே தெரியாத சில விஷயங்கள் அதில் இருந்தன. அவள் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.