தனியாகக் கேட்டால் பதில் சொல்லாத ஜெசிந்தா

ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி எனக்குப் பலரிடமிருந்து தனித்தனியாக வந்தது. நயினார்கோவிலில் வயலுக்குக் கிளம்பி வண்டியை எடுத்தபோது முதல் அழைப்பு. மாரடைப்பு என்றார்கள். அக்காவின் ஊரான தங்கச்சிமடம் போய்ச் சேரும்வரை கைபேசி ஓயவில்லை. நம் செயலிக்கான இந்த மின்னஞ்சல் குழுவில் மட்டும் ஒரு வரி இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான்.

நாட்டுப்படகுக்காரர்களுக்குக் காற்று எச்சரிக்கை சொல்லும் நம் செயலியைத் தொடங்கியவர் அவர். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று நிரலைத் திறந்து வைத்தவர். ஆனால் திருத்தம் பற்றிய பேச்சு, எல்லாரும் படிக்கக்கூடிய இந்தக் குழுவில்தான் நடக்க வேண்டும் என்பதில் ஒரே பிடியாக இருந்தார். சேர்ந்த புதிதில் ஒரு சந்தேகத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பியதும் போன் வந்தது. "ஏன் தம்பி, எங்கிட்ட தனியாப் பேச நீ என்ன பொண்ணு கேக்கவா வந்துருக்க? குழுவுல எழுது, வாரேன்." எழுதினேன். உடனே வந்தார்.

ஒருமுறை சென்னை நண்பர்கள் இருவர் போனிலேயே பேசி, எச்சரிக்கைக்கான காற்று வேக வரம்பை உயர்த்திவிட்டார்கள். விசைப்படகுக்கு அது சரி. திருப்பாலைக்குடியில் சிறு வள்ளங்களில் போனவர்களுக்கு அன்று எச்சரிக்கையே வரவில்லை. ஒரு வள்ளம் கவிழ்ந்து, ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். அக்கா மாற்றத்தை ரத்து செய்துவிட்டுக் குழுவில் எழுதினார்: "ரெண்டு பேரு போன்ல பேசி முடிச்சுட்டீக. கடலுக்குப் போறவுக இதை எங்கன வந்து கேப்பாக?"

அவருடைய பிடிவாதம் எனக்கு எரிச்சல் மூட்டியதும் உண்டு. கடலுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதுவார்களா என்று சண்டை போட்டேன். "பேசி அனுப்பட்டும், நான் எழுதிப் போடுறேன்" என்றார். குழம்பு கொதிக்கும்போதே அவர்களுடைய குரல் செய்திகளைக் கேட்டு, நம்மைத் திட்டியதைக்கூட விடாமல் எழுதிப் போட்டார். நம்மில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்புவதற்குள் நம் குழுவினர் மூன்று பேர் தனித்தனியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டார்கள். "அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நம்ம தனியா ஒரு குழு ஆரம்பிச்சுருவோம்." மூவரும் சொன்னது இதைத்தான். மற்றவருக்குத் தெரிய வேண்டாம் என்றும் மூவருமே சொன்னார்கள். இப்படிப் போனால் செயலி மூன்றாக உடையும். காற்று மாறும் மாதம் நெருங்குகிறது, வள்ளங்கள் நம்மை நம்பித்தான் இறங்குகின்றன. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தை. தனியாக வந்த எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இங்கே, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அடுத்து யார் பொறுப்பு என்று எனக்கும் தெரியாது. என் காதில் சொன்னதை எல்லாம் கீழே எழுதுங்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள குறையையும் எழுதுங்கள். இனி அக்கா வந்து பதில் சொல்ல மாட்டார். நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.