முன்னுக்கு வைத்த பாரம்

வேனுக்குப் பின்னால் ட்ரெய்லர் கட்டி இழுத்த அனுபவம் எனக்குக் கிடையாது. கொழும்பில் எட்டு வருஷம் வேன் ஓட்டியவன் என்ற திமிர் மட்டும் நிறைய இருந்தது. அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டனுக்கு என் மனைவியின் இரண்டு தையல் மெஷின்களைக் கொண்டுபோக வேண்டும். கேரட் ஏற்றுகிற ஒருவரிடம் சின்ன ட்ரெய்லர் ஒன்றை இரவல் வாங்கினேன். ஹட்டனில் தையல் கடைக்கென்று ஓர் அறை பிடித்திருந்தோம். போன வாரம்தான் அவள் தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டாள். இனிமேல் கொழுந்து பறிக்கப் போக முடியாது. அந்த மெஷின்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் பாடு அதோகதிதான்.

ட்ரெய்லர் ஆடாமல் போக என்ன வழி என்று முதல்நாளே ஒரு டிரைவர் நண்பரிடம் போனில் கேட்டேன். “பாரத்துல பாதிக்கு மேல முன்னுக்கு வைங்க. பின்னுக்குப் பாரம் கூடினா வால் ஆடும். அப்படி ஆடுச்சுன்னா பதறிப்போயி பிரேக்க அமுக்காதீங்க. எக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு ஸ்டியரிங்க நேரா புடிங்க” என்றார்.

காலையில் நான் வேனுக்கடியில் படுத்து, ட்ரெய்லர் மாட்டுகிற கொக்கியை முறுக்கிக்கொண்டிருந்தேன். மனைவியும் அவளுடைய அண்ணனும் சாமான் ஏற்றினார்கள். “கனமானதெல்லாம் முன்னுக்கு!” என்று கீழேயிருந்து கத்தினேன். “முன்னுக்குத்தான் மாப்புள” என்று மச்சான் சொன்னார். நான் எழுந்து கை துடைப்பதற்குள் தூறலுக்குப் பயந்து தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடிக் கட்டிவிட்டார்கள்.

லிந்துலை இறக்கத்தில் ஆட்டம் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லரின் சக்கரம் இந்தப் பக்கம் ஒரு தடவை தெரிகிறது, அந்தப் பக்கம் ஒரு தடவை தெரிகிறது. காலை எடுத்தேன். மெல்ல அடங்கியது. ஓரங்கட்டி இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன், காற்று சரி. கொக்கியும் சரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“முன்னுக்குத்தானே வச்சீங்க?”

“ஆமாங்க” என்றாள் மனைவி.

அப்படியானால் வைத்தது போதவில்லை என்று நானே முடிவு கட்டினேன். “சொன்னா சொன்னபடி செய்யத் தெரியாதா உனக்கு? மிச்சத்தையும் முன்னுக்குத் தள்ளு” என்று அவளை ஏசிவிட்டு, நண்பருக்குப் போன் அடிக்கச் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினேன். சிக்னல் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது படங்கைக் கட்டி முடித்திருந்தார்கள்.

இந்தத் தடவை அடுத்த வளைவுக்குக்கூடப் போகவில்லை. எதிரே பஸ் வருகிறது, ட்ரெய்லர் நடுரோட்டுக்குப் போகிறது, வேனின் பின்பக்கத்தை யாரோ பிடித்துத் தூக்குகிற மாதிரி இருக்கிறது. நண்பர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தும் ஏன் இப்படி? பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஒதுங்கிப் போனார். வேன் நின்றதும் நான் மனைவியைப் பார்த்துக் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பயம்தான் வாய்வழியே கோபமாக வந்தது.

பிறகுதான் நானே போய்ப் படங்கை அவிழ்த்தேன். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெஷின், தையல் மெஷின், இரும்புப் பெட்டி எல்லாம் பின்கதவை ஒட்டி நெருக்கியடித்து நின்றன. வேன் பக்கத்தில் வெறும் பலகை.

“இதுவா மச்சான் முன்னுக்கு?”

அவர் என்னைவிடக் குழம்பிப்போய்ப் பார்த்தார். “கதவு இந்தப் பக்கந்தானே மாப்புள இருக்கு?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தோட்டத்து இரட்டை லயம் முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டு வரிசை; ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த குடும்பத்துக்கும் பின்சுவர். பின்கதவு என்று ஒன்று கிடையாது. கதவு எங்கே இருக்கிறதோ அதுதான் முன்பக்கம். நானும் அப்படி ஒரு காம்பராவில் பிறந்தவன்தான். எட்டு வருஷத்தில் அது எப்படி என் மண்டையைவிட்டுப் போனது? பிழை என்னுடையதா, அவர்களுடையதா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. மூன்று பேருமாகக் கனமானதையெல்லாம் வேன் பக்கமாக நகர்த்தினோம். கொக்கி லேசாக அமுங்கி உட்கார்ந்தது. மச்சான் கயிறு கட்டப் போனார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வேன் கதவோரம் நனைந்துகொண்டு நின்றாள்.

“மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. இனி ஆடாது, பயப்படாத” என்றேன்.

“மெஷின நெனச்சு நான் பயப்படலங்க” என்றாள். “வண்டி ஆடுன ரெண்டு தடவையும் என்னையத்தான் ஏசுனீங்க. மொதல்லயே படங்க அவுத்து நீங்க ஒருக்காப் பாத்திருக்கலாம். நான் பேர வெட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கு அந்தக் கடையில நூல் அறுந்தாலும் இப்படித்தான் ஏசுவீங்களா?”

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். “கட்டியாச்சு, போவோம்” என்று மச்சான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தேன். அவள் ஏறாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.